இளையோர் அணியின் பயணக் கணக்கில் ஸ்பிளிட்வைஸ்: இரண்டு போட்டிகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

வெளிநாட்டில் நடந்த இளையோர் சதுரங்கப் போட்டி ஒன்றுக்கு 9 ஆட்டக்காரர்களை அழைத்துச் சென்ற குழுவில் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. உடன் 2 பயிற்சியாளர்களும் 4 பெற்றோரும் வந்தார்கள். என் மகனும் அந்த ஒன்பது பேரில் ஒருவன் என்பதால் அந்த நான்கு பெற்றோரில் நானும் அடக்கம். அதற்கு முந்தைய பயணங்களில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் உறை நிறைய ரசீதுகளும்தான் கணக்கு என்ற பெயரில் இருந்தன. ஊர் திரும்பி மூன்று மாதம் கழிந்த பிறகும் "அந்த டாக்சிக்கு நான்தானே கொடுத்தேன்" என்ற பேச்சு ஓயாது. அந்தத் தொல்லையை ஒழிக்கலாம் என்று ஸ்பிளிட்வைஸ் செயலியை எடுத்துக்கொண்டோம். ஓராண்டு இடைவெளியில் இரண்டு போட்டிகளுக்கு அதைப் பயன்படுத்திய அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கவும் சுற்றுலா போகவும் அது எவ்வளவு வசதி என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் ஒரு போட்டிக்குப் போய்வரும் செலவை நியாயமாகப் பிரிக்க அது உதவுகிறதா என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

செயலியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்பிளிட்வைஸில் ஒரு குழுவை உருவாக்கி, உறுப்பினர்களைச் சேர்த்து, ஒவ்வொரு செலவையும் யார் கொடுத்தார், யார் யாருக்காகக் கொடுத்தார் என்று பதிந்துகொண்டே வந்தால், எந்த நேரத்திலும் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற நிலுவை திரையில் இருக்கும். செலவைச் சமமாகப் பிரிக்கலாம், ஒவ்வொருவருக்கும் இன்ன தொகை என்று நேராகக் குறிக்கலாம், சதவீதமாகப் பிரிக்கலாம், இத்தனை பங்கு என்று பிரிக்கலாம், சமமாகப் பிரித்துவிட்டு ஒருவர் பேரில் மட்டும் கூடுதலாக ஏற்றவும் செய்யலாம். ஒரே ரசீதுக்கு இரண்டு பேர் பணம் கொடுத்திருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளும். எவரேனும் ஒரு பதிவைத் திருத்தினாலோ நீக்கினாலோ அதுவும் குழுவின் செயல்பாட்டுப் பட்டியலில் தெரியும். கூட்டல் கழித்தலில் அது ஒரு முறைகூடத் தவறியதில்லை. அந்த வகையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இளையோர் போட்டிகளின் பணக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஒரு நாட்டின் அணி என்றால் 6 மாணவர்கள், ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர். அவர்களுக்கான உணவையும் தங்குமிடத்தையும் போட்டி நடத்தும் நாடு ஏற்கிறது, வந்துபோகும் செலவை அனுப்பும் நாடு பார்த்துக்கொள்கிறது. மாணவர்களுக்குள் பிரிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. சதுரங்கம் அப்படி அல்ல. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் உலக இளையோர் போட்டியில் 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என மூன்று வயதுப் பிரிவுகளும், ஒவ்வொன்றிலும் பொதுப் பிரிவு, சிறுமியர் பிரிவு என இரண்டும் உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாட்டுக் கூட்டமைப்பிலிருந்து ஒருவர் அழைக்கப்பட்ட ஆட்டக்காரராகப் போகிறார். முந்தைய ஆண்டில் பதக்கம் வென்றவர்களுக்கும் தனி உரிமை உண்டு. ஆட்டக்காரர்களில் இவர்களுக்கு மட்டும்தான் அமைப்பாளர்கள் செலவில் அறையும் உணவும். அதே நாட்டிலிருந்து அதே மேசைகளில் விளையாட வரும் மற்றப் பிள்ளைகள் எல்லாச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். எனவே ஒரே சீருடையில் ஒரே பேருந்தில் ஏறும் ஒன்பது பிள்ளைகளில் மூன்று பேருக்கு அறைச் செலவு கிடையாது, ஆறு பேருக்கு உண்டு. இருவருடைய பெற்றோர் கூடவே வந்து கவனிக்கிறார்கள், மற்றவர்கள் முழுக்கப் பயிற்சியாளரை நம்பி வருகிறார்கள். ஒருவருக்கு ஊக்கத்தொகை இருக்கும், இன்னொருவரின் தந்தை கடன் வாங்கி அனுப்பியிருப்பார். எங்கள் முதல் பயணத்தின் குழுவும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் இருந்தது.

இந்த நிலையில் செயலியைத் திறந்து ஒரு செலவைப் பதியப் போனால், முன்னிருப்பாக, அதாவது நாம் எதையும் மாற்றாதபோது, அது காட்டுவது "நீங்கள் கொடுத்தீர்கள், எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது" என்ற பொருள்படும் ஒரு வரி. பிரிக்கும் முறையை மாற்ற அந்த வரியைத் தொட்டு உள்ளே போக வேண்டும். பகலில், நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறபோது அது ஒரு வேலையே அல்ல. இரவு பதினொன்றரைக்கு, மறுநாள் யார் யாரோடு ஆடுவது என்ற ஜோடிப் பட்டியல் வெளியாகிப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளோடு ஆட்டத் தயாரிப்பில் இருக்க, கையில் ஏழு ரசீதுகளோடு தூக்கக் கலக்கத்தில் நின்றபடி பதிகிறவன் அந்த வரியைத் தொட மாட்டான். முதல் பயணத்தில் நான் தொடவில்லை. முதல் நான்கு நாட்களின் ஏறக்குறைய எல்லாச் செலவுகளையும் சமமாகவே பதிந்துவிட்டு, கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்திலிருந்து வாடகைப் பேருந்து. ஆறு பிள்ளைகள் இறங்கும் விடுதி வரை வாடகை 90 அலகு பணம், அங்கிருந்து மற்ற மூவர் தங்கும் விடுதி வரை மேலும் 30 அலகு என்று வையுங்கள். மொத்தம் 120, ஒன்பது பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 13.33. முதல் விடுதியில் இறங்கியவர்கள் தாங்கள் போகாத சாலைக்கும் பணம் கட்டுகிறார்கள். இதற்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. விமான நிலையத்தின் ஓடுபாதைச் செலவைச் சிறிய விமானங்களுக்கும் பெரிய விமானங்களுக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இருவர் 1973இல் விளையாட்டுக் கோட்பாட்டின் (பலருடைய முடிவுகள் ஒன்றையொன்று பாதிக்கும் நிலைகளை ஆராயும் கணிதப் பிரிவு) வழியே ஒரு விடை எழுதினார்கள். ஓடுபாதையின் முதல் பகுதி எல்லா விமானங்களுக்கும் வேண்டும், ஆகவே அதன் செலவு எல்லோருக்கும். நீட்டித்த பகுதி பெரிய விமானங்களுக்கு மட்டும்தான் வேண்டும், ஆகவே அந்தச் செலவு அவற்றுக்கு மட்டும். எங்கள் பேருந்துக்கு இதைப் பொருத்தினால் 90ஐ ஒன்பது பேருக்கும் பிரித்து ஆளுக்கு 10, மீதி 30ஐ மூன்று பேருக்கு மட்டும் பிரித்து ஆளுக்கு மேலும் 10. அறுவர் 10 கொடுக்கிறார்கள், மூவர் 20 கொடுக்கிறார்கள், கணக்கு சரியாக 120க்கு வருகிறது. ஸ்பிளிட்வைஸில் இதைச் செய்வது எளிது: ஒரே ரசீதை இரண்டு பதிவுகளாக உடைத்து, இரண்டாவதில் மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. செயலியால் முடியும், அது தானாகக் கேட்காது. அந்த மூன்று பேர் யார் என்று பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள். அமைப்பாளர்கள் ஒதுக்கிய விடுதியில் அறை வாடகை இல்லாமல் தங்கியவர்களின் பேருந்துச் செலவில் ஒரு பகுதியை, வாடகை கட்டித் தங்கியவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

விமானச் சீட்டில் இன்னும் ஆழமாகப் போக வேண்டும், ஏனெனில் மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான். எங்களில் ஐந்து பேருக்குச் சீட்டு முன்கூட்டியே 80 அலகுக்குக் கிடைத்தது. நான்கு பேருக்குத் தாமதமாக 125க்குக் கிடைத்தது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் 900, சராசரி 100. எல்லோரும் சராசரியைக் கட்டுவது என்று முடிவெடுத்தால், முன்னால் வாங்கிய ஐவர் ஆளுக்கு 20 கூடுதலாகத் தருகிறார்கள், பின்னால் வாங்கிய நால்வருக்கு ஆளுக்கு 25 குறைகிறது. இது நியாயமா என்று கேட்டால், ஏன் தாமதம் ஆனது என்று திருப்பிக் கேட்பேன். தேர்வுப் பட்டியல் தாமதமாக வந்ததால் அந்தப் பிள்ளை முன்னால் வாங்கியிருக்கவே முடியாது என்றால், அந்தக் கூடுதல் செலவு அணியில் இருப்பதால் வந்த செலவு. அதை அணி முழுவதும் தாங்குவதுதான் சரி. பட்டியல் வந்தும் விலை இறங்கும் என்று இரண்டு வாரம் காத்திருந்து பார்த்த குடும்பத்தின் தாமதத்தை மற்ற எட்டுக் குடும்பங்களின் தலையில் கட்டுவது சரியல்ல. (அந்த இரண்டு வாரம் காத்திருந்த குடும்பம் எங்களுடையதுதான், முதல் பயணத்தில் சராசரி முறையால் லாபம் அடைந்தவனும் நானே.) செயலியில் 125 என்ற எண் இருக்கிறது, அதன் பின்னாலுள்ள காரணத்துக்கு இடமில்லை. குறிப்பு எழுதும் இடம் ஒன்று உண்டு. அதை யாரும் படிப்பதில்லை.

பயணச் செலவு பங்கேற்பைத் தடுக்கக் கூடாது என்ற எண்ணம் புதிதல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். 1930இல் முதல் உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்திய உருகுவே, வரும் அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்லி அழைத்தது. அப்படியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள். அவற்றில் பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா மூன்றும் கான்ட்டே வெர்டே என்ற ஒரே கப்பலில் வந்து சேர்ந்தன. அழைத்தவரே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் பிரிக்கும் கேள்வி எழாது. இன்றைய இளையோர் போட்டிகளில் அழைத்தவர் பாதியை ஏற்கிறார், அதுவும் சிலருக்கு மட்டும். மீதிக்குத்தான் செயலி தேவைப்படுகிறது.

பயிற்சியாளர் செலவில் எங்களுக்குள் நடந்த விவாதம் ஒரு முழு மாலையைத் தின்றது. இரண்டு பயிற்சியாளர்களின் சீட்டு, அறை, ஊதியம் எல்லாம் சேர்த்து 900 என்றால் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100. அழைக்கப்பட்டவர்களுக்கு அறைச் செலவே இல்லையே, அவர்கள் இதில் சற்று அதிகம் ஏற்கலாமே என்றார் ஒரு தாயார். என் பிள்ளை தகுதி பெற்று வாங்கிய உரிமையின் மதிப்பைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி நியாயம் என்றார் அதற்கு ஒரு தந்தை. மூன்றாமவர், அழைக்கப்பட்டவர்களின் ஆட்டத்துக்குத்தான் பயிற்சியாளர் அதிக நேரம் செலவழிக்கிறார், மணிக்கணக்கு வைத்துப் பிரிக்கலாம் என்றார். மணிக்கணக்கை நான் முதலிலேயே மறுத்தேன். தோற்றுவிட்டு அழுகிற பத்து வயதுப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசும் நேரத்துக்குப் பயிற்சியாளர் கடிகாரம் பார்க்கத் தொடங்கினால், பிறகு அது அணியாக இருக்காது. கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு, ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த சலுகை அவரோடு இருக்கட்டும், அணிக்கென்று கிடைக்கும் சலுகை அணிக்கு வரட்டும் என்பது. அழைக்கப்பட்ட பிள்ளையின் இலவச அறை அந்தப் பிள்ளையுடையது. அணிப் பொறுப்பாளர் என்ற முறையில் ஒருவருக்கு இலவச இடம் கிடைத்தால், அதில் பயிற்சியாளர் தங்கி, மிச்சமாகும் தொகை ஒன்பது பேரின் பயிற்சியாளர் பங்கையும் ஒரே அளவாகக் குறைக்கும். இந்த முடிவை எடுத்த பிறகு செயலியில் பதிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாயும் பிள்ளையும் தங்கும் அறை, மூன்று பிள்ளைகள் தங்கும் அறை போன்றவற்றுக்குப் பங்கு முறை சரியாகப் பொருந்துகிறது. பெற்றோருக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று குறித்தால் போதும்.

கடன்களைச் சுருக்கும் வசதியை இந்தச் செயலியின் சிறப்பு என்று பலரும் சொல்வார்கள். ஒரு குடும்பம் இரண்டாவது குடும்பத்துக்கு 40 தர வேண்டும், இரண்டாவது மூன்றாவதுக்கு 40 தர வேண்டும் என்றால், நடுவில் உள்ளவரை விலக்கி முதல் குடும்பம் மூன்றாவதுக்கு நேராக 40 தந்துவிடட்டும் என்று அது மாற்றிக் காட்டும். ஒவ்வொருவரும் மொத்தத்தில் தர வேண்டியதோ பெற வேண்டியதோ மாறுவதில்லை. கைமாறும் தடவைகள்தான் குறைகின்றன. நண்பர்களுக்குள் இது வசதி. ஒருவரையொருவர் அதிகம் அறியாத பெற்றோருக்குள் இது குழப்பம். உடன் வராத ஒரு தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்து, தான் பேசியே இராத ஒருவருக்கு எதற்காகப் பணம் தர வேண்டும் என்று கேட்டார். குரலில் சந்தேகம் தெரிந்தது. கணக்கு சரி என்று விளக்க அரை மணி நேரம் ஆனது, அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த வசதியைக் குழு அமைப்புகளில் நிறுத்திவைக்க முடியும். இரண்டாவது பயணத்தில் நிறுத்திவைத்து, எல்லாக் கொடுக்கல் வாங்கலும் பொதுக் கணக்கு ஒன்றின் வழியாகவே நடக்கும்படி செய்தோம். எவரும் கேள்வி கேட்கவில்லை.

இனி, இந்த மதிப்பீட்டை எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். முதல் பயணத்தில், பெற்றோர் உடன் வராத பிள்ளைகளை அவர்களுடைய எண்ணிலேயே குழுவில் சேர்த்திருந்தோம். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இரண்டாம் நாள் காய்ச்சல். இரவில் டாக்சியில் மருத்துவமனைக்குப் போய், மருந்து வாங்கி, இன்னொரு டாக்சியில் திரும்பினோம். உடன் வந்த பெற்றோர் ஒருவர் அந்த மூன்று ரசீதுகளையும் அவள் பேரிலேயே முழுவதுமாகப் பதிந்தார். யாருக்காகச் செலவு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அது. அவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். இந்தச் செயலியில் வர வேண்டிய தொகை பச்சையிலும் தர வேண்டிய தொகை ஆரஞ்சு நிறத்திலும் தெரியும். ஓய்வு நாள் மாலையில் எல்லோரும் வெளியே சாப்பிடக் கிளம்பியபோது, தனக்குப் பசியில்லை என்று அவள் அறையிலேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் விடுதியின் வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அன்றைக்கு முந்தைய ஆட்டத்தின் குறிப்புத்தாள். முன்பக்கத்தில் நகர்த்தல்கள். பின்பக்கத்தில் பென்சிலால் டாக்சி, மருந்து, டாக்சி, பேருந்து என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கூட்டி, கூட்டியதைச் சரிபார்த்து இரண்டு கோடு போட்டிருந்தாள். "அங்கிள், இதை ஊருக்குப் போய்க் குடுத்தாப் போதுமா, இல்ல இங்கயே குடுக்கணுமா?" என்று கேட்டாள். சாப்பிட வராததற்குக் காரணம் அந்தத் தாளில் இருந்தது. அந்தப் பட்டியலில் இன்னொரு வரி ஏற வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள்.

அன்றிரவே மூன்று பதிவுகளையும் திருத்தி ஒன்பது பேருக்கும் பிரித்தேன். நோய் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். போகும்போது யாருக்கு வரும் என்று தெரியாத செலவை எல்லோரும் சேர்ந்து தாங்குவதுதான் காப்பீட்டின் பொருளே. அவள் பேரில் மட்டும் ஏற்றினால், அடுத்த முறை உடம்பு சரியில்லாத பிள்ளை அதைச் சொல்லாமல் மறைக்கும். திருத்தியது குழுவில் எல்லோருக்கும் தெரிந்தது, எவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் தெரியும் என்ற அந்தத் தன்மையைப் பற்றி நான் அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். ஒரே வீட்டில் வாடகை பகிரும் பெரியவர்களுக்கு அந்த ஒளிவுமறைவின்மை நம்பிக்கையைத் தருகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் தோழிக்குத் தன்னுடைய நிலுவை எவ்வளவு என்று தெரிந்தபடி விளையாடும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வேறொன்றைத் தருகிறது.

இதனோடு சேர்ந்ததுதான் உதவித்தொகைச் சிக்கல். ஒரு குடும்பத்தால் முழுப் பங்கையும் கட்ட முடியாது என்பது எனக்கும் ஒரு பயிற்சியாளருக்கும் மட்டும் தெரியும். குழுவுக்குள் அந்தப் பிள்ளையின் பங்கைக் குறைத்துப் பதிந்தால் எல்லோர் திரையிலும் அது வந்து நிற்கும். மறைவாகக் குறைக்க இந்தச் செயலியில் வழியில்லை, அதை ஒரு குறையாகச் சொல்வதும் நியாயமில்லை. மறைப்பதற்கு இடம் கொடுக்கும் கணக்கை யார் நம்புவார்கள்? எனவே அந்த வேலையைக் கணக்குக்கு வெளியே வைத்துக்கொண்டோம். புரவலர் தரும் பணம் எந்தப் பிள்ளையின் பேரிலும் வராமல், பொதுச் செலவின் மொத்தத்திலிருந்து முதலில் கழிக்கப்படுகிறது. மீதிதான் செயலிக்குள் பங்காகிறது. தனிப்பட்ட உதவி தேவைப்படும் குடும்பத்தின் நிலுவையை, கொடுக்க விரும்புகிற ஒருவர் பயணம் முடிந்த பின் பொதுக் கணக்கில் நேராகக் கட்டிவிடுகிறார். திரையில் அந்தக் குடும்பம் முழுப் பங்கையும் செலுத்தியதாகத் தெரியும்.

இரண்டாவது பயணத்துக்குக் குழுவை அமைத்தபோது பிள்ளைகள் எவரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஸ்பிளிட்வைஸில் கணக்குத் தொடங்காத ஒருவரையும் வெறும் பெயராகக் குழுவில் சேர்க்க முடியும் என்பது இங்கே பெரிதும் கைகொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர்; பெற்றோர் உடன் வந்தால் இரண்டு பங்கு, வராவிட்டால் ஒரு பங்கு. பிள்ளைகளின் கைபேசியில் செயலியே இல்லை. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு இரண்டு பக்கத்தில் விதிகளை எழுதி எல்லாக் குடும்பங்களிடமும் ஒப்புதல் வாங்கினோம்: சீட்டில் எது சராசரிக்கு வரும், எது வராது, பேருந்தில் கடைசி வரை போகிறவர் கடைசிப் பகுதியை ஏற்பது, நோயும் தொலைந்த பெட்டியும் பொதுச் செலவு, தின்பண்டமும் நினைவுப் பொருளும் அவரவர் பாடு, வேறு நகரத்திலிருந்து வந்து சேர்கிறவர்களின் உள்நாட்டுப் பயணம் பொதுக் கணக்கில் சேராது. கடைசி விதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தூரத்திலிருந்து வருவது அந்தப் பிள்ளையின் தவறு இல்லையே என்று வாதாடினேன், தோற்றேன்.

தொழில்நுட்ப விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயலி நூற்றுக்கும் மேற்பட்ட நாணயங்களை ஏற்கிறது, ஆனால் ஒவ்வொரு நாணயத்தின் நிலுவையையும் தனித்தனியாகவே வைத்திருக்கும். ஒரே நாணயத்துக்கு மாற்றித் தருவது கட்டணப் பதிப்பில்தான் உண்டு. வழியில் விமானம் மாறும் நாட்டையும் சேர்த்து மூன்று நாணயங்களில் செலவு செய்யும் அணிக்கு இது முக்கியம். நாங்கள், அட்டை அறிக்கையில் வந்த தொகையையே நம் நாணயத்தில் பதிவது என்று வைத்துக்கொண்டோம். வங்கி பிடிக்கும் மாற்றுக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடுகிறது. இலவசப் பதிப்பில் ஒரு நாளில் பதியக்கூடிய செலவுகளுக்கு வரம்பு இருப்பதால், கணக்கர் ஒருவராவது கட்டணப் பதிப்பில் இருப்பது நல்லது; அந்தக் கட்டணமும் பொதுச் செலவே. குழுவின் உறுப்பினர் எவரும் எந்தப் பதிவையும் திருத்தலாம் என்பது முதலில் எனக்கு அச்சமாக இருந்தது. நடைமுறையில் யார் எதை மாற்றினார் என்பது தெரிந்துவிடுவதால் அதனால் தகராறு வரவில்லை. முழுக் கணக்கையும் அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிவது பெரும் உதவி. செலவைத் திருப்பித் தரும் அமைப்புகளுக்கு ரசீதுகளோடு அதையே இணைத்து அனுப்பிவிடலாம்.

இளையோர் அணிகளுக்கு இதைப் பரிந்துரைப்பேனா என்றால், பரிந்துரைப்பேன், இரண்டு நிபந்தனைகளோடு: விதிகள் விமானம் ஏறும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும், பிள்ளைகள் குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்தச் சமப் பிரிப்பு முன்னிருப்புக்காக. பயணக் குழு என்று தொடங்கும்போதே, எல்லாச் செலவும் எல்லோருக்கும் பொதுவா என்று ஒரு முறை கேட்டிருந்தால், முதல் பயணத்தின் முதல் நான்கு நாட்களை நான் வேறு மாதிரி பதிந்திருப்பேன்.

அடுத்த போட்டிக்கான குழுவைப் போன வாரம் திறந்தேன். 11 குடும்பங்களின் பெயர்கள் ஏறியிருக்கின்றன, ஒரு செலவும் இன்னும் ஏறவில்லை. விதிகளைப் படித்த ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: ஒரு பிள்ளையின் கடைசிச் சுற்று ஆட்டம் ஆறு மணி நேரம் நீண்டு, அதனால் விமானத்தைத் தவறவிட்டால், மறு சீட்டும் அந்த இரவு அறையும் யார் கணக்கு? பொதுக் கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்ற பத்துக் குடும்பங்களிடமும் கேட்டுவிட்டு எழுதலாம் என்று அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.